முகத்தை அளந்த கோல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது எம்மவர் பழமொழி. முகத்தைக் கண்டு மனிதரை மதிப்பிடும் பழக்கம் இப்பழமொழியிலும் முதியது. நெற்றியின் அகலம், மூக்கின் கூர்மை, பல்லின் வரிசை ஆகியவற்றைக்கொண்டு ஒருவரின் குணத்தையும் ஆயுளையும் கூறிவிடலாம் என்றது சாமுத்திரிகம். பல் சற்று மிதப்பு என்ற ஒரே காரணத்தால் கலியாணப் பேச்சு முறிந்துபோன பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். இவையெல்லாம் அறியாமையின் விளைவு, விஞ்ஞானம் பரவப் பரவ மறைந்துவிடும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. கண்ணால் பார்த்துச் சொல்வதிற் சார்பு இருக்கலாம். கோலெடுத்து அளந்து சொல்வதிற் சார்புக்கு இடமேது என்று நாம் எண்ணுகிறோம்.

ஆனால் அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை வடித்தவன் எவன், அவன் எந்த முகத்தை முழுமையானது எனக் கொண்டான், எந்த முகத்தைக் குறையுடையது எனக் கொண்டான் என்பவை அக்கோலின் மீதே எழுதப்பட்டுள்ளன. இன்று பல் வைத்தியர்கள் முகத்தை ஆராயும்போது பயன்படுத்தும் கோடுகளும் கோணங்களும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தாங்கி வந்தவை. அவ்வரலாற்றின் ஒரு பகுதி அடிமை வியாபாரத்தோடும் ஏகாதிபத்தியத்தோடும் பின்னிக் கிடக்கிறது. இன்னொரு பகுதி உடைந்த தாடைகளை ஒட்டவைத்து மீண்டும் உண்ணவும் பேசவும் செய்த உழைப்பின் வரலாறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எமக்கு இன்றியமையாதது.

ஒல்லாந்து நாட்டு உடற்கூற்றறிஞர் பேத்ரஸ் காம்பரிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1722இற் பிறந்து 1789இல் மறைந்த அவர் வைத்தியர். சித்திரம் வரைவதிலும் வல்லவர். 1770இல் ஆம்ஸ்டர்டாம் சித்திரக் கழகத்தில் அவர் தமது முகக்கோணக் கொள்கையை விளக்கினார். காதுத் துவாரத்திலிருந்து மூக்கின் அடிவரை ஒரு கோடு. நெற்றியிலிருந்து மேற்றாடையின் முன் நுனிவரை இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்குமிடத்தில் உண்டாவதே முகக்கோணம். வாலுடைய குரங்குக்கு 42 பாகை, ஓராங்குட்டானுக்கு 58, ஆபிரிக்கருக்கும் கல்மிக்கருக்கும் 70, ஐரோப்பியருக்கு 80, பழைய கிரேக்கச் சிலைகளுக்கு 100 என்று அவர் வரிசைப்படுத்தினார். அவருடைய நூல் அவர் மறைந்த பின்னர் 1791இல் வெளிவந்தது.

இவ்வரிசையிற் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வரிசையின் உச்சியில் இருப்பது எந்த மனிதனும் அல்லன், சலவைக்கல். உயிரோடு உண்டு, பேசி, உழைத்த எவருக்கும் அந்த 100 பாகை இருந்ததில்லை. கிரேக்கச் சிற்பி தன் தெய்வங்களை மனிதரினும் மேலானவர்களாகக் காட்டுவதற்கென நெற்றியை முன்தள்ளிச் செதுக்கினான். அந்தக் கலைமரபு, ஐரோப்பிய அறிஞன் கையில் இயற்கையின் அளவாக மாறிவிட்டது.

காம்பருக்கு நாம் அநீதி இழைத்துவிடக்கூடாது. கறுப்பு இனத்தவரை வரைய வந்த ஓவியர்கள் ஐரோப்பிய முகத்தை வரைந்து அதற்குக் கரிபூசிவிடுகிறார்களே என்பதுதான் அவரது மனக்குறை. 1764இல் குரோனிங்கன் நகரில் ஆற்றிய உரையில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள், நிறம் தோலளவான வேறுபாடே என்று அவர் வாதிட்டிருந்தார். ஆனால் ஒரு கருவி ஆக்கியவனின் கையை விட்டதும் சமுதாயத்தில் எவருக்குத் தேவையோ அவரது கைக்கே போய்ச் சேருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முகக்கோணம் எவருக்குத் தேவைப்பட்டது? அமெரிக்காவின் தென்பகுதியில் மனிதரை விலைக்கு வாங்கிப் பருத்தி விளைவித்தவர்களுக்குத் தேவைப்பட்டது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் மோர்ட்டன் என்னும் வைத்தியர் உலகெங்குமிருந்து மண்டையோடுகளைத் திரட்டி அளந்து 1839இல் தமது பெருநூலை வெளியிட்டார். அவர் கையாண்ட அளவைகளுள் முகக்கோணமும் ஒன்று. அவர் வழிவந்த நொட், கிளிடன் ஆகியோர் 1854இல் வெளியிட்ட நூலில், மனித இனங்கள் வெவ்வேறு மூலங்களையுடையன என்று சாதித்தனர். அந்நூலின் ஒரு சித்திரம் பெயர்பெற்றது. மேலே பெல்வெடேர் அப்பொல்லோ எனப்படும் சிலையின் தலை. நடுவே ஆபிரிக்கர் ஒருவரின் தலை. கீழே சிம்பன்சியின் தலை. பக்கத்திற் பக்கத்தில் அவற்றின் மண்டையோடுகள். ஆபிரிக்கரின் தாடையை வேண்டுமென்றே முன்தள்ளி வரைந்திருந்தார்கள். பார்ப்பவனுக்கு வாதம் எதுவும் தேவையில்லை. படமே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

இதற்கு மறுப்பு எழாமலில்லை. ஜேர்மன் உடற்கூற்றறிஞர் தீடமன் 1836இலேயே பல இனத்தவரின் மூளைகளை ஒப்பிட்டு, அடிப்படையான வேறுபாடு காணப்படவில்லை என்று இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். ஆயினும் மிகக் கூர்மையான மறுப்பு அளக்கப்பட்டவர் பக்கத்திலிருந்தே வந்தது. அடிமையாகப் பிறந்து, தப்பிவந்து, தம் நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவரான பிரெடறிக் டக்ளஸ், 1854 ஜூலை 12ஆந் திகதி ஒகையோ மாநிலத்தின் வெஸ்டர்ன் ரிசேர்வ் கல்லூரியில் உரையாற்றினார். மோர்ட்டன், நொட், கிளிடன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லியே அவர் தாக்கினார். இந்நூல்களில் ஐரோப்பியனைக் காட்டும்போது அவனுடைய சிறந்த முகத்தைக் காட்டுகிறார்கள், கறுப்பனைக் காட்டும்போது மிகைப்படுத்திக் குறைபட்ட முகத்தைக் காட்டுகிறார்கள் என்று அவர் சுட்டினார். கறுப்பனும் மற்றவனைப் போல் மனிதனே என்று நிறுவப்பட்டால் அடிமைமுறைக்கான வாதம் முழுவதும் சரிந்துவிடும். ஆகவேதான் அவனது மனிதத்தன்மையை மறுக்க இத்தனை பாடு என்பது அவரது தெளிவு. ஒப்பீட்டு முறையின் அடிப்படைப் பிழையை, மாதிரிகளைத் தெரிவு செய்வதிலுள்ள வஞ்சத்தை, பல்கலைக்கழகக் கல்வி எதுவும் பெறாத மனிதர் அன்றே எடுத்துக்காட்டினார். வெஸ்டர்ன் ரிசேர்வ் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் மீண்டும் அங்கு செல்வோம்.

இந்த அளவுகோல் எமது பக்கமும் வந்தது. கீழ்நாடுகளை ஆண்டவர்கள் குடிமக்களை எண்ணினார்கள், எண்ணியபின் அளந்தார்கள். வங்காளத்தில் அதிகாரியாயிருந்த றிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து, மூக்கு அகல அகலச் சாதியின் சமுதாய அந்தஸ்து தாழும் என்று ஒரு விதியையே வகுத்தார். சென்னை அரசாங்க நூதனசாலையின் அதிபராயிருந்த எட்கார் தேர்ஸ்டன், நூதனசாலை பார்க்க வந்த சாதாரண மக்களைக்கூடப் பிடித்து நிறுத்திக் கவராயத்தால் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இலங்கையில் சுவிற்சர்லாந்து நாட்டுச் சரசின் சகோதரர்கள் வேடர்களின் மண்டையோடுகளையும் முகங்களையும் அளந்து, மனித வளர்ச்சியின் கீழ்ப்படிகளில் அவர்களை நிறுத்தும் பெருநூலை 1892, 1893ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். சாதியை மூக்கால் அளக்கும் றிஸ்லியின் விதி நாடெங்கும் செல்லுபடியாகவில்லை என்பதைப் பம்பாய்ச் சமூகவியலறிஞர் குர்யே 1932இல் அந்த அளவுகளைக்கொண்டே காட்டினார். அதற்கிடையில் அந்த விதி குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. எம்மவரிற் சிலர் தம் மூக்கைத் தடவிப்பார்த்துப் பெருமைப்பட்டதும் உண்டு.

இனிப் பல் வைத்தியத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பல் பிடுங்குவதும் அடைப்பதும் மட்டுமே தொழிலாயிருந்த நிலை மாறி, தெற்றுப் பற்களை வரிசைப்படுத்தும் வைத்தியம் தனித்துறையாக எழுந்தது. இதன் தந்தை எனப்படுபவர் அமெரிக்கரான எட்வேட் ஆங்கிள். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் முறையை 1899இல் அவர் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். அந்தப் பாகுபாடு இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. பல் சீராகப் பொருந்தினாற் போதுமா, முகமும் அழகாயிருக்கவேண்டாமா என்ற கேள்வி ஆங்கிளை வாட்டியது. அழகான முகத்துக்கு இலக்கணம் எது? 1907இல் வெளிவந்த தமது நூலின் ஏழாம் பதிப்பில் அவர் காட்டிய முன்மாதிரி பெல்வெடேர் அப்பொல்லோ. ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நொட்டும் கிளிடனும் ஆபிரிக்கரின் தலைக்கு மேலே வைத்த அதே சலவைக்கல் தலை.

ஆங்கிள் அடிமைமுறையை ஆதரித்து நூலெழுதியவர் அல்லர். அப்படியிருந்தும் அதே சிலை அவர் கைக்கும் வந்து சேர்ந்ததே கவனத்துக்குரியது. ஒரு காலத்தின் ஆளும் கருத்து அதை விரும்பிப் பிரசாரம் செய்பவனால் மட்டும் பரவுவதில்லை. அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் நல்லவனாலும் பரவுகிறது. அழகுக்கு விதியொன்று கேட்டு ஆங்கிள் சென்ற்லூயிஸ் நகரின் ஓவிய ஆசிரியர் வூர்ப்பலை அணுகினார். எல்லா முகத்துக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கமுடியாது என்பதே ஓவியர் தந்த விடை. இவ்விடயத்தில் வைத்தியரைவிடச் சித்திரக்காரர் தெளிவாயிருந்தார். ஆங்கிள் பின்னர் பற்கள் முப்பத்திரண்டும் தம் இடத்தில் அமைந்தால் அந்தந்த முகத்துக்குரிய இசைவு தானே வரும் என்ற முடிவிற் சாய்ந்தார்.

1895இல் றொண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தபின், உயிரோடிருப்பவனின் தோலுக்குள்ளே இருக்கும் எலும்பையும் அளக்கலாம் என்ற வாய்ப்புப் பிறந்தது. 1931இல் ஜேர்மனியில் ஹொவ்ராத்தும் அமெரிக்காவில் ஆங்கிளின் மாணவரான ஹொலி புரோட்பென்ட்டும் தலையை அசையாது நிறுத்தி, குறித்த தூரத்திலிருந்து பக்கவாட்டில் எக்ஸ்கதிர்ப் படமெடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் இவ்வாறு படமெடுத்தால் தாடை எவ்வாறு வளர்கிறது என்பதைக் கோடு கோடாகக் காணலாம். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளைக்கும், தாடை வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் இம்முறை செய்த உதவி பெரிது. அதை நாம் மறுக்கவில்லை.

புரோட்பென்ட் பணியாற்றிய இடம் கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகம். டக்ளஸ் உரையாற்றிய கல்லூரிதான் 1882இல் கிளீவ்லாந்துக்குப் பெயர்ந்து பல்கலைக்கழகமாக வளர்ந்திருந்தது. தலையை நிறுத்தும் கருவியைப் புரோட்பென்ட் உருவாக்கியது உடற்கூற்றுப் பேராசிரியர் விங்கேட் டொட்டின் ஆய்வுகூடத்தில். அந்த ஆய்வுகூடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் திரட்டப்பட்டிருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை கிளீவ்லாந்தின் பொது வைத்தியசாலைகளிலும் பிணவறைகளிலும் உரிமைகோர எவருமில்லாது கிடந்தோருடையவை. குடியேறிய தொழிலாளருடையவை, தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பருடையவை. வாழும்போது எவருடைய கவனத்தையும் பெறாதவர்கள் இறந்தபின் விஞ்ஞானத்தின் கவனத்தைப் பெற்றார்கள்.

அதே ஆய்வுகூடத்திலிருந்துதான் எதிர்க்குரலும் பிறந்தது. டொட்டின் மாணவராகக் கற்று 1932இற் கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பறிஞர் மொன்டேகு கொப், கறுப்பரின் ஓட்டத்திறனுக்கு அவர்களுடைய எலும்பே காரணம் என்று பத்திரிகைகள் எழுதியபோது, கிளீவ்லாந்தில் வளர்ந்த ஜெசி ஓவென்ஸின் கால்களையே அளந்து பார்த்தார். இனத்துக்குரிய தனி அமைப்பு எதுவும் அந்த வெற்றியை விளக்கவில்லை, பயிற்சியும் ஊக்கமுமே விளக்குகின்றன என்று 1936இல் எழுதினார். கோல் ஒன்றே, பிடித்த கை வேறு, கேட்ட கேள்வி வேறு.

எக்ஸ்கதிர்ப் படம் கைக்கு வந்ததும் அதன்மேற் கோடுகளிட்டு, எந்தக் கோணம் இயல்பு, எது பிறழ்வு என்று வரையறுக்கும் வேலை தொடங்கியது. 1948இல் சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் டௌன்ஸ் வெளியிட்ட நியமங்கள் உலகெங்கும் பரவின. அவர் அளந்தவர்கள் எத்தனை பேர்? இருபது பேர். பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட வயதினர், பற்கள் மிகச் சீராக அமைந்தவர்கள், அனைவரும் வெள்ளையினத்தவர். 1953இல் சிசில் ஸ்டைனர் மேற்றாடைக்கு 82 பாகை, கீழ்த்தாடைக்கு 80 பாகை, இரண்டுக்கும் இடையே 2 பாகை என்று மனனம் செய்தற்கெளிய எண்களை வழங்கினார். தாம் யாரை அளந்தார் என்பதை டௌன்ஸ் மறைக்கவில்லை. ஆனால் எண்கள் பயணம் செய்யும்போது அவற்றின் பிறப்பிடம் உடன் செல்வதில்லை. இருபது இளைஞரின் சராசரி மனித முகத்தின் இலக்கணமாக வகுப்பறைகளில் ஏறியது. அந்த அளவை ஆபிரிக்கப் பிள்ளையின் படத்தின்மேலோ ஆசியப் பிள்ளையின் படத்தின்மேலோ வைத்துப் பார்த்தால், எந்த நோயும் இல்லாத தாடை பிறழ்வுற்ற தாடையாகிவிடும். வைத்தியசாலைக்குள் முழு நலத்தோடு நுழைந்த முகம் நோயோடு வெளியே வரும்.

மூன்றாண்டுகளுள் இதைச் சோதித்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் கொட்டன், தக்கானோ, வொங் என்னும் மூவர், கறுப்பர், ஜப்பானிய வழியினர், சீன வழியினர் ஆகியோருள் பல்லொழுங்கு நன்கமைந்தவர்களைத் தெரிந்தெடுத்து டௌன்ஸின் முறைப்படி அளந்து 1951இல் வெளியிட்டனர். மென்று உண்பதிலும் பேசுவதிலும் குறையேதும் இல்லாத இம்முகங்கள் பல அளவுகளில் டௌன்ஸின் எல்லைக்கு வெளியே நின்றன. ஆகவே பிழை முகத்தில் இல்லை, எல்லையில் இருந்தது. ஒன்பதாண்டுகளுக்கு முன், 1942இல், ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்துக்காக அதே கலிபோர்னியாவின் குடும்பங்கள் முட்கம்பி முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன என்பதை எண்ணும்போது, இந்தச் சிறிய ஆய்வின் கனம் புலப்படும். அதன்பின் பல நாடுகளில் அவ்வந்நாட்டு மக்களின் அளவுகள் தொகுக்கப்பட்டன.

ஒவ்வோர் இனத்துக்கும் தனி நியமம் வகுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது என்பதே எமது கருத்து. ஓர் இனத்துக்குள்ளேயே முகங்கள் ஆயிரம். அன்றியும், சராசரியிலிருந்து விலகியிருப்பது நோயன்று. தாடை எதற்காக இருக்கிறது என்ற கேள்வியைக் கேளாமல் அது எவ்வாறு தோன்றவேண்டும் என்று மட்டும் கேட்பதே அடிப்படைப் பிழை. தாடை மெல்லுவதற்கு, விழுங்குவதற்கு, பேசுவதற்கு, சிரிப்பதற்கு உரியது. தொழிற்பாட்டைக் கேட்கும் இந்த மரபும் பல் வைத்தியத்தில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அதன் வரலாறு அப்பொல்லோவிடமிருந்து தொடங்கவில்லை.

1908இல் இலண்டனில் நோர்மன் பெனற் என்னும் பல் வைத்தியர் தமது கீழ்த்தாடையோடு சிறு மின்விளக்குகளைப் பொருத்திக்கொண்டு, வாயைத் திறந்தும் மூடியும் பக்கவாட்டில் அசைத்தும், ஒளிப்புள்ளிகள் செல்லும் பாதையைக் குறித்தார். தாடை கதவைப்போல ஒரே அச்சிற் சுழல்வதில்லை, சுழன்றுகொண்டே முன்னும் பக்கமும் நகர்கிறது என்பது அதனாற் தெளிவாயிற்று. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒருவரே. வேறொருவரைக் கீழே நிறுத்துவதற்காக அல்லாமல் ஓர் உறுப்பின் வேலையை அறிவதற்காக அளந்த அளவு அது.

அடுத்து வந்தது முதலாம் உலகப்போர். அகழிகளிலிருந்து தலையை நீட்டியவனின் முகத்தையே குண்டுகள் தேடின. ஆயிரமாயிரம் இளைஞர் தாடை சிதைந்து, உண்ணவும் பேசவும் இயலாதவர்களாகத் திரும்பினர். இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் ஹரல்ட் கில்லிஸ் 1917 முதல் செய்த சத்திரசிகிச்சைகள் புகழ்பெற்றவை. பிரான்சின் பாசறை வைத்தியசாலையில் பணியாற்றிய வரஸ்டாட் கசான்ஜியனின் பெயர் எம்மிடையே அதிகம் அறியப்படவில்லை. துருக்கியின் ஆட்சிக்குட்பட்ட ஆர்மீனியப் பகுதியிற் பிறந்து, 1895இல் அமெரிக்கா சென்று, வூஸ்டர் நகரின் கம்பித் தொழிற்சாலையிற் கூலிவேலை செய்தபடி கற்று, ஹார்வட்டிற் பல் வைத்தியரானவர் அவர். கம்பியை வளைக்கவும் முறுக்கவும் தொழிற்சாலையிற் பழகிய விரல்கள், சிதறிய தாடைத் துண்டுகளைக் கம்பியாற் பிணைத்து நிறுத்துவதற்குப் பயன்பட்டன. பல்கலைக்கழகம் தராத ஒன்றை உழைப்பு தந்தது.

இவர்கள் கையில் முகத்தை மதிப்பிடும் அளவை மாறியது. எந்தச் சிலையையும் அவர்கள் முன்மாதிரியாக வைக்கவில்லை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மீண்டும் சந்திக்கின்றனவா, கரண்டி உள்ளே போகிறதா, சொல் வெளியே வருகிறதா என்பவையே கேள்விகள். 1919 ஜூன் 28ஆந் திகதி வேர்செயில்ஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, முகம் சிதைந்த பிரெஞ்சு வீரர் ஐவர் மண்டபத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். 1921இல் இத்தகையோர் தமக்கெனச் சங்கம் அமைத்து, 'உடைந்த முகங்கள்' என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டனர். பிறர் பார்த்து மதிப்பிட்ட முகம் தன் பெயரைத் தானே சொல்லத் தொடங்கியது.

போருக்குப் பின் தாடை மூட்டின் வலி ஆராய்ச்சிக்குரியதாயிற்று. காதுக்கு முன்னே வலி, வாய் திறக்கும்போது சத்தம், மெல்ல முடியாமை. 1934இல் கொஸ்டன் என்னும் காது மூக்கு வைத்தியர், பதினொரு நோயாளரைக்கொண்டு, பல் இழந்தமையால் தாடை மிகை மூடலுற்று நரம்பை நெரிக்கிறது என்று விளக்கினார். அவ்விளக்கம் உடற்கூற்றுக்குப் பொருந்தாது என்று பின்னர் காட்டப்பட்டது. ஆயினும் பற்களை அரைத்தும் உயர்த்தியும் வலியைப் போக்கும் முயற்சிகள் பல்லாண்டுகள் நடந்தன. 1969இல் சிக்காகோவின் லஸ்கின், மனநெருக்கடியாற் பல்லை நெருமித் தசைகள் களைப்பதே வலியின் பிறப்பிடம் என்றார். ஓரடி முன்னேற்றம் இது. அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது, கடனிலிருந்தா, வேலைத்தலத்திலிருந்தா, வீட்டிலிருந்தா என்ற அடுத்த கேள்வியை நாம் கேட்கவேண்டும்.

1992இல் வகுக்கப்பட்டு 2014இல் திருத்தப்பட்ட சர்வதேச ஆய்வு முறை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதற்கு இரண்டு அச்சுகள். ஒன்று உடலை ஆராய்கிறது: மேல் கீழ் முன்பற்களுக்கிடையே வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது. மற்றது மனிதரைக் கேட்கிறது: வலி உம் வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது? 2008இல் முழுவடிவம் பெற்ற தாடைத் தொழிற்பாட்டு வினாக்கொத்து, கடினமான உணவை மெல்ல முடிகிறதா, கொட்டாவி விட முடிகிறதா, பேச முடிகிறதா, சிரிக்க முடிகிறதா என்று நோயாளியையே மதிப்பெண் இடச் சொல்கிறது. டக்ளஸ் 1854இற் கோரியதும் ஏறத்தாழ இதுவே: என்னைப் பற்றிய கணக்கில் என் சொல்லுக்கும் இடம் வேண்டும்.

இந்தக் கேள்விகளோடு எமது நாட்டின் மலைப்பக்கம் திரும்பிப் பார்ப்போம். 1970இல் நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவின் தலைமையில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் முரசும் பல்லைத் தாங்கும் எலும்பும் ஆராயப்பட்டன. பல் வைத்தியமே எட்டாதவர்கள் என்பதாலேயே அவர்கள் தெரிவாயினர். முரசு நோய் சிகிச்சையின்றி எவ்வாறு வளரும் என்பதை அவர்களிடம் காணலாம். 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தனர். இறுதியில் எஞ்சியோர் 161 பேர். ஏறத்தாழ 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து பல்லை வீழ்த்தியது, 81 வீதத்தினரிடம் மிதமாக வளர்ந்தது, 11 வீதத்தினரிடம் வளரவேயில்லை என்ற முடிவு 1986இல் வெளிவந்தது. முரசு நோய் எல்லோரையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை என்ற இந்த அறிவு உலகெங்கும் பாடநூல்களில் ஏறிற்று.

அந்தப் பதினைந்தாண்டுகள் இம்மக்களுக்கு எத்தகையவை? 1948இற் பறிக்கப்பட்ட பிரசாவுரிமையும் 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் குடும்பங்களை இரு நாடுகளாய்ப் பிரித்துக்கொண்டிருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் தோட்டங்களில் உயிர்களைக் கொண்டது. 1977இலும் 1983இலும் இன வன்செயல்கள் லயன்களைச் சுட்டெரித்தன. இவற்றுள் ஒன்றையும் முரசை அளக்கும் சலாகை அளக்காது. ஆய்வாளர் தம் வேலையை நுட்பமாகச் செய்தனர் என்பதில் ஐயமில்லை. எமது கேள்வி வேறு: உலகத்துக்கு இத்தகைய அறிவைத் தந்த அந்த வாய்களுக்கு உலகம் எதைத் திருப்பித் தந்தது?

இன்னொரு நோயையும் இங்கே சொல்லவேண்டும். 1953இற் பம்பாயைச் சேர்ந்த வைத்தியர் ஜோஷி விவரித்த நோய் அது. பாக்கை இடைவிடாது மெல்லுவதாற் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் சிறிது சிறிதாக மூடிக்கொள்ளும். மூன்று விரல் செல்லும் வாயில் இரண்டு விரல் செல்லும், பின்னர் ஒன்று. காரம் பட்டால் எரியும். இறுகிய வாய் பழைய நிலைக்கு மீள்வதரிது. சிலருக்கு அது புற்றாகவும் மாறும். பாக்கே புற்றை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. குளிரிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்தெடுப்பவரும் மண்வெட்டி பிடிப்பவரும் பசியை மறக்க வெற்றிலையை நாடுகின்றனர். அவர்களைப் பார்த்துக் கெட்ட பழக்கம் என்று உபதேசிப்பது எளிது. பசியையும் களைப்பையும் கொடுத்த வேலைமுறையை விட்டுவிட்டு வாயை மட்டும் குற்றஞ்சாட்டுவது, மூக்கை அளந்து சாதியைச் சொன்ன விஞ்ஞானத்தின் இன்னொரு வடிவமாகிவிடும்.

இந்த நோயை முன்கூட்டி அறிய ஸ்டைனரின் பாகைகள் வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி எத்தனை விரல் செல்கிறது என்று பார்த்தால் முதற் சந்தேகத்துக்குப் போதும். அந்த அளவையை ஆசிரியரும் எடுக்கலாம், தோட்டத்துச் சுகாதார ஊழியரும் எடுக்கலாம், தொழிலாளி தானே தன் விரலால் எடுத்துக்கொள்ளலாம். அளப்பவனும் அளக்கப்படுபவனும் ஒருவனாகும் அளவை அது. அதன் பின் செல்வதற்கு அருகே ஒரு பல் வைத்தியர் இருக்கவேண்டும் என்பது மட்டும் விரலால் தீராத கோரிக்கை. அது தொழிற்சங்கமும் மக்களும் சேர்ந்து கேட்டுப் பெறவேண்டியது.

வகுப்பறையில் நிற்கும் எமக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. மிதப்புப் பல்லை வைத்தும் சப்பை மூக்கை வைத்தும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் இடும் பட்டப்பெயர்களைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் ஆசிரியன், றிஸ்லியின் கவராயத்தை அறியாமலே கையில் ஏந்துகிறான். விஞ்ஞான பாடத்தில் அளவையைக் கற்பிக்கும்போது, எந்த அலகால் அளந்தாய் என்று மாணவனைக் கேட்கிறோம். யாரை அளந்தார்கள், எவர் அளந்தார்கள், அளக்கப்பட்டவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளையும் அதனோடு சேர்த்துக் கேட்கப் பழக்குவோமாயின், அந்த மாணவன் நாளை வைத்தியனானாலும் தொழிலாளியானாலும் தன் முன்னே நிற்கும் முகத்தைச் சலவைக்கல்லோடு ஒப்பிடமாட்டான். அது உண்கிறதா, பேசுகிறதா, சிரிக்கிறதா என்றே பார்ப்பான். இல்லையென்றால் ஏன் என்று கேட்பான்.